போர்வை கேட்காத மயில்

மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் கதையைப் பாடத்தில் படித்தபோது எல்லா வகுப்பிலும் யாராவது ஒரு பையன் இதைக் கேட்டிருப்பான்: “ஐயா, மயிலுக்குக் குளிருமா?” எங்கள் வகுப்பில் கேட்டவன் என் பக்கத்து இருக்கைக்காரன். தமிழய்யா, “தேவையா என்று பார்க்காமல் கொடுக்கிறது, அதுக்குப் பேர்தான் கொடைமடம்” என்று சொல்லிவிட்டு முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியிடம் போய்விட்டார். கேள்வி மட்டும் அங்கேயே நின்றுவிட்டது.

பல வருஷம் கழித்துப் புறநானூற்றைப் பிரித்தபோதுதான் அந்தக் கேள்வியைப் பரணரே யோசித்திருக்கிறார் என்று தெரிந்தது. 141ஆம் பாட்டில் அவர் சொல்கிறார்: “உடாஅ போரா ஆகுதல் அறிந்தும் படாஅம் மஞ்ஞைக்கு ஈத்த எங்கோ.” மயில் உடுத்தாது, போர்த்திக்கொள்ளவும் செய்யாது. அது தெரிந்தேதான் கொடுத்தான் என்கிறார். ஆக, பேகன் ஒன்றும் தெரியாமல் செய்யவில்லை. அப்படியென்றால் எதைப் பார்த்துக் கொடுத்தான்?

பதில் 145ஆம் பாட்டில் ஒரே சொல்லில் இருக்கிறது. “மடத்தகை மாமயில் பனிக்கும் என்று அருளி.” பனிக்கும் என்றால் நடுங்கும். மயில் தோகை விரித்து ஆடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இந்தச் சொல் ஏன் விழுந்தது என்று உடனே புரியும். படங்களில் பார்க்கிற மயில் விசிறி மாதிரி அசையாமல் நிற்கும். நேரில் அப்படி இல்லை. தோகையை நிமிர்த்திய பிறகு அது மொத்த உடம்பையும் சிலிர்க்கும். அடிமுதல் நுனிவரை இறகெல்லாம் சலசலவென்று உதறும், காய்ந்த பனையோலை காற்றில் உரசுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அந்த அதிர்வை ஆய்வாளர்கள் அளந்து 2016இல் வெளியிட்டார்கள். நொடிக்குச் சுமார் 25 தடவை. இன்னொரு விஷயமும் தெரிந்தது. இறகுகள் இவ்வளவு வேகமாக அதிர்ந்தாலும் தோகையில் உள்ள கண்கள் மட்டும் அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும். சுற்றியுள்ள பச்சை மினுங்கிக்கொண்டே இருக்க, கண்கள் அந்தரத்தில் மிதக்கும்.

மேகம் கூடி, குளிர்ந்த காற்று வீசுகிற நேரத்தில்தான் மயில் அதிகம் ஆடும். மலைச்சாரலில் அந்த நேரத்தில் போகிற ஒருவன், எதிரே ஒரு பறவை உடம்பெல்லாம் உதறிக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறான். தோளில் கிடந்த துணியை எடுத்துப் போடுகிறான். கொடைமடம் என்று ஒதுக்கிவிட்டுப் போகிற விஷயமாக இது எனக்குத் தெரியவில்லை. கை எட்டும் தூரத்தில் மயிலைப் பார்த்த ஒருவரால்தான் இந்தக் கதையைச் சொல்லியிருக்க முடியும்.

அந்த 145ஆம் பாட்டு பேகனைப் புகழ்வதற்காகப் பாடியதும் இல்லை. மனைவி கண்ணகியைப் (சிலப்பதிகாரக் கண்ணகி அல்ல) பிரிந்து வேறொருத்தியிடம் இருந்தவன் பேகன். பரணர் அவன் வாசலில் வந்து நிற்கிறார். “பசித்தும் வாரேம், பாரமும் இலமே” என்கிறார். பசித்து வரவில்லை, காப்பாற்ற வேண்டிய சுற்றமும் இல்லை. நான் கேட்கிற பரிசு ஒன்றுதான்: இன்றிரவே தேர் ஏறு, துன்பத்தோடு இருக்கிறவளின் துயரைப் போய்க் களை. நடுங்குகிறது என்று நினைத்து ஒரு மயிலுக்கு இரங்கியவன், வீட்டில் நடுங்கிக்கொண்டிருப்பவளுக்கு இரங்க மாட்டாயா என்று பாட்டில் நேராகக் கேட்கவில்லை. முதல் வரியில் மயிலை வைத்தார், கடைசி வரியில் அவளை வைத்தார். நடுவில் யாழைப் பற்றிச் சொல்லும்போதும், விரும்பிக் கேட்பவர்கள் “நடுங்க”ப் பண்ணி என்று அதே நடுக்கத்தைக் கொண்டுவருகிறார். மயிலை வைத்துச் சொன்ன கதைகளில் எனக்கு இதற்கு மேல் ஒன்று கிடைக்கவில்லை.

மயில் எங்கெல்லாம் கலைக்கும் கதைக்கும் வந்ததோ அதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஒன்று படுகிறது. அது காட்டில் வாழ்ந்த இடத்தில் மக்கள் அதன் வாழ்க்கையைப் பார்த்தார்கள். ஆட்டம், அகவல், முட்டை, உதிர்ந்த பீலி என்று எல்லாம் பாட்டில் வந்தன. கூண்டில் அடைத்துக் கப்பலில் போய் இறங்கிய இடத்தில் மக்கள் தோகையைப் பார்த்தார்கள். அதனால் அங்கே பிறந்த கதைகள் பெரும்பாலும் கண்களைப் பற்றியும் விலையைப் பற்றியும் பெருமையைப் பற்றியும் இருக்கின்றன.

முதலில் காட்டு மயில். அகநானூற்று 82ஆம் பாட்டில் கபிலர் ஒரு கச்சேரியே நடத்துகிறார். அசைகிற மூங்கிலில் வண்டு துளைத்த ஓட்டை வழியே கோடைக்காற்று நுழைகிறது, அது குழல். அருவி விழுகிற சத்தம் முழவு. மான்கூட்டத்தின் குரல் தூம்பு என்ற ஊதுகருவி. பூஞ்சாரலில் வண்டின் ரீங்காரம் யாழ். இதைக் கேட்டு மயில் ஆட, “மந்தி நல்லவை மருள்வன நோக்க” என்கிறார். பெண்குரங்குகள் கூட்டமாக உட்கார்ந்து வியந்து பார்க்கின்றன. ஆடுகிற மயில் களத்துக்குள் நுழைகிற விறலி மாதிரி இருக்கிறது. வாத்தியக்காரர், ஆடுகிறவர், பார்க்கிற சபை என்று எதையும் விடவில்லை மனிதர். சபையை அவர் மறக்காமல் வைத்தது முக்கியம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. தோகை விரித்து ஆடுவது ஆண் மயில். விறலி பெண். ஆண் பறவையைப் பெண்ணுக்கு உவமை சொல்வதில் தமிழுக்குத் தயக்கமே இருந்ததில்லை. “அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ” என்று குறளில் ஒருவன் மயங்குவதும், சாயல் என்றாலே மயில் நினைவுக்கு வருவதும் அப்படித்தான். தொல்காப்பியம் மரபியலில் இதற்கு விதியே உண்டு. சிறகுள்ள ஆண் பறவைகளையெல்லாம் சேவல் என்று சொல்லலாம், “மாயிருந் தூவி மயில் அலங்கடையே”: மயிலைத் தவிர. தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய பேராசிரியர் சொல்லும் காரணம், தோகையுடைய மயிலுக்குப் பெண்பால் போன்ற சாயல் இருக்கிறது என்பதே. ஒரு பறவையின் நடையும் மென்மையும் இலக்கணத்தில் ஒரு விலக்கை வாங்கியிருக்கிறது!

குரலுக்கு வருவோம். மயில் கத்துவதற்கு அகவுதல் என்று பெயர். ஆசிரியப்பாவின் ஓசைக்கும் அகவல் என்றுதான் பெயர். “அகவல் என்பது ஆசிரியம்மே” என்கிறது தொல்காப்பியம். சங்கப் பாட்டில் பெரும்பகுதி இந்தப் பாவில் அமைந்தது. வடமொழி இசை நூலான நாரத சிக்ஷை, ஸட்ஜம் மயிலின் குரல் என்கிறது. ஏழு சுரங்களில் முதலாவது அது. மயிலின் குரல் காதுக்கு இனிமை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் மலையில் ஒரு பக்கம் எழுந்தால் மறுபக்கம்வரை கேட்கும், தூரத்தில் இருப்பவரை அழைக்கிற குரல். அகவுதல் என்ற சொல்லுக்கும் அழைத்தல் என்ற பொருள் உண்டு.

முருகனைச் சொல்லாமல் இருக்க முடியுமா? பேகன் ஆண்ட ஆவியர் நாடுதான் பொதினி, இன்றைய பழனிப் பக்கம். இன்று அங்கே எந்தக் கடையில் பார்த்தாலும் மயில்மேல் அமர்ந்த முருகன்தான். ஆனால் புறநானூறு 56இல் நக்கீரர் “மணிமயில் உயரிய மாறா வென்றிப் பிணிமுக ஊர்தி ஒண்செய்யோன்” என்று பாடும்போது மயில் அவன் கொடியில் இருக்கிறது. ஊர்தி பிணிமுகம். பிணிமுகம் யானையா மயிலா என்று உரைகாரர்களிடம் இரண்டு கருத்து உண்டு. கொடியில் இருந்த மயில் மெல்ல மெல்லக் காலடிக்கு வந்ததாக எனக்குப் படுகிறது. பின்னால் வந்த கச்சியப்பரின் கந்தபுராணத்தில் சூரபன்மன் மாமரமாக நிற்க, வேல் அதை இரண்டாகப் பிளக்கிறது. ஒரு பாதி சேவலாகிக் கொடிக்குப் போகிறது, மறு பாதி மயிலாகி வாகனம் ஆகிறது. எதிரியை அழிக்காமல் ஏறிக்கொள்கிற கதை. படங்களில் மயிலின் காலுக்கடியில் பாம்பு கிடக்கும். அதுவும் பார்த்து எழுதியதுதான், மயில் உண்மையிலேயே சின்னப் பாம்புகளைக் கொத்தித் தின்னும்.

மயிலாப்பூரிலும் மயிலாடுதுறையிலும் கதை வேறு. அங்கே அம்பிகையே மயிலாகி சிவனைப் பூசிக்கிறாள். கபாலீசுவரர் கோயிலில் புன்னை மரத்தடியில் அந்தச் சன்னதியை இன்றும் பார்க்கலாம்.

சரி, கப்பல் ஏறிய மயிலைப் பார்ப்போம்.

விவிலியத்தில் முதலாம் அரசர்கள் நூலில் சாலமோனின் கப்பல்கள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பொன், வெள்ளி, யானைத் தந்தம், குரங்கு, இவற்றோடு “துக்கியீம்” கொண்டுவந்ததாக வருகிறது. அந்த எபிரேயச் சொல் தோகை என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து போனது என்பது கால்டுவெல் காலத்திலிருந்து சொல்லப்படுவது. அது மயிலே இல்லை, வேறு விலங்கு என்பவர்களும் உண்டு. தோகைதான் என்றால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பறவையின் பெயராக அங்கே போய்ச் சேர்ந்தது மயில் என்ற சொல்லோ மஞ்ஞை என்ற சொல்லோ இல்லை, அதன் தோகை.

பௌத்த ஜாதகக் கதைகளில் பாவேரு ஜாதகம் என்று ஒன்று. பாவேரு என்பது பாபிலோன் என்று கொள்கிறார்கள். அந்த நாட்டில் பறவைகளே கிடையாதாம். வணிகர்கள் முதலில் ஒரு காக்கையைக் கொண்டுபோகிறார்கள். ஊரே கூடி வியக்கிறது, 100 காசுக்குப் பேரம் படிகிறது, பொற்கூண்டில் வைத்துக் காக்கைக்கு மீனும் பழமும் கொடுக்கிறார்கள். அடுத்த தடவை அதே வணிகர்கள் மயிலோடு வருகிறார்கள். விரலைச் சொடுக்கினால் அகவும், கை தட்டினால் ஆடும் என்று பழக்கிய மயில். விலை 1000. அதற்குப் பிறகு காக்கையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பசி தாங்காமல் அது ‘கா கா’ என்று கத்திக்கொண்டு குப்பைமேட்டுக்குப் பறந்துவிடுகிறது. கபிலரின் மலையில் அருவி முழங்க ஆடிய மயில், பாவேருவில் கைதட்டலுக்கு ஆடுகிறது. ஒரு கடல்தான் இடையில்.

கிரேக்கத்தின் ஏதென்ஸில் கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் பிரிலாம்பீஸ் என்ற செல்வரின் குடும்பம் மயில் வளர்த்தது. மாதத்தின் முதல் நாள் மட்டும் வெளியாட்களுக்குக் காட்டுவார்களாம். ஸ்பார்ட்டாவிலிருந்தும் தெஸ்ஸாலியிலிருந்தும் பார்க்க ஆள் வந்தார்கள். அந்த மயில்கள் பற்றி ஒரு வழக்கே நடந்தது. ஆன்டிஃபோன் எழுதிய வாதத்தில் ஒரு இடம் நினைவில் நிற்கிறது: நகருக்குள் திறந்துவிட்டால் பறந்துவிடும், சிறகை வெட்டினால் அழகு போய்விடும், ஏனென்றால் அதன் அழகு உடம்பில் இல்லை, இறகில் இருக்கிறது. மயிலைச் சொத்தாகப் பார்த்தவர் சொல்லக்கூடியது இதுதான்.

ரோமானியக் கவிஞர் ஓவிட், காவல்காரனான ஆர்கஸின் நூறு கண்களை ஜூனோ தேவி மயிலின் தோகையில் பதித்ததாகக் கதை சொன்னார். சாப்பாட்டு மேசைக்கும் மயில் போனது. அப்புறம் கிறிஸ்தவத்தில் அது அழியாமையின் அடையாளமாகி ஈமப் பேழைகளில் செதுக்கப்பட்டது. மயிலின் சதை அழுகாது என்ற நம்பிக்கை இதற்கு வலுச் சேர்த்தது. புனித அகஸ்டின் இதைச் சோதித்தே பார்த்தார். கார்தேஜில் சமைத்துப் பரிமாறிய மயிலின் மார்புக்கறியில் ஒரு துண்டை எடுத்து வைக்கச் சொன்னார். 30 நாளைக்கு மேல் ஆகியும் நாறவில்லை, ஒரு வருஷம் கழித்துக் கொஞ்சம் காய்ந்து சுருங்கியிருந்தது என்று எழுதிவைத்திருக்கிறார்.

சொந்த நாட்டில் மட்டும் மயில் பத்திரமாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. அசோகரின் முதலாம் பாறைக் கல்வெட்டைப் படித்தால் தெரியும். அரசு அடுக்களையில் முன்பு தினமும் பல நூறாயிரம் உயிர்கள் கொல்லப்பட்டன, இப்போது மூன்றுதான், இரண்டு மயிலும் ஒரு மானும், மான்கூடத் தினமும் இல்லை, இனி இவையும் கொல்லப்படமாட்டா என்கிறார். எல்லாவற்றையும் விட்டவர் கடைசிவரை விட முடியாமல் வைத்திருந்தது மயில்தான். ஷாஜகானின் மயிலாசனத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். 1635இல் அதில் அமர்ந்தார், 1739இல் நாதிர் ஷா தூக்கிப் போனார். அதில் மயில் என்பது ரத்தினம் பதிக்க ஒரு இடம், அவ்வளவுதான். என்னைக் கேட்டால், ஜஹாங்கீரின் ஓவியர் மன்சூர் தீட்டியதாகக் கருதப்படும் ஆணும் பெண்ணுமான மயில் இணையின் சித்திரம் அந்த ஆசனத்தைவிடப் பெரிய செல்வம்.

லண்டனில் 1876–77இல் நடந்த ஒரு சண்டையும் மயிலாகத்தான் மிஞ்சியிருக்கிறது. கப்பல் முதலாளி லேலண்ட் வீட்டுச் சாப்பாட்டு அறையில் சின்னச் சின்னத் திருத்தம் செய்ய ஓவியர் விஸ்லர் வந்தார். முதலாளி ஊரில் இல்லாத நேரத்தில், விலை உயர்ந்த பழைய தோல் ஒட்டிய சுவர் முழுவதையும் நீலமும் பொன்னுமாகத் தீட்டிவிட்டார். கேட்ட கூலி 2000 கினி. முதலாளி பாதிதான் கொடுத்தார், அதையும் கினியில் கொடுக்காமல் பவுண்டில் கொடுத்தார். கலைஞர்களுக்குக் கினியிலும் கடைக்காரர்களுக்குப் பவுண்டிலும் கொடுப்பது அங்கே வழக்கம். வெகுண்ட விஸ்லர் சுவரில் இரண்டு மயில்கள் சண்டை போடுவதுபோல் வரைந்தார். ஒன்று ஓவியர், மற்றது முதலாளி, காலடியில் சிதறிய வெள்ளிக்காசுகள். லேலண்ட் அதை அழிக்கவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. அந்த அறை இன்று அப்படியே வாஷிங்டனில் ஃப்ரீயர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

டார்வினுக்கும் மயில் தொல்லை கொடுத்தது. 1860 ஏப்ரலில் நண்பர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், மயிலிறகைப் பார்க்கும்போதெல்லாம் தனக்கு உடம்புக்கு முடியாமல் போகிறது என்றார். பிழைப்பதற்கு உதவாத, புலிக்கும் நரிக்கும் இரையாக்கிவிடக்கூடிய இவ்வளவு பெரிய தோகை எதற்கு? 1871இல் அவர் பதில் சொன்னார்: பெண் மயில் பார்க்கிறது, தேர்ந்தெடுக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பார்த்த அந்தக் கண்தான் தோகையை வளர்த்தது. ஆட்டத்தைப் புரிந்துகொள்ள ஆடுகிறவனை விட்டுவிட்டுப் பார்க்கிறவளிடம் போக வேண்டியிருந்தது. சபையை மறக்காத கபிலர் எனக்கு இங்கேதான் நினைவுக்கு வருகிறார்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மயிலிறகில் நீலச் சாயமோ பச்சைச் சாயமோ கிடையாது. இருக்கிற நிறமி பழுப்பு. இறகிழைக்குள் மிக நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போதுதான் நீலமும் பச்சையும் பிறக்கின்றன. நுண்ணோக்கியில் பார்த்த ராபர்ட் ஹூக் 1665இலேயே, நனைத்தால் அந்த நிறம் மறைவதைக் கவனித்திருக்கிறார். காஞ்சிபுரம் நெசவாளர் இதே வித்தையை வேறு வழியில் கண்டுபிடித்தார்கள். என் அம்மாவின் பீரோவில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டு இருக்கிறது. பாவு நீலம், ஊடை பச்சை. மடிப்பை இப்படித் திருப்பினால் நீலம் ஓடும், அப்படித் திருப்பினால் பச்சை ஏறும், மடிப்பு முனையில் மட்டும் இரண்டும் இல்லாத ஒரு நிறம் கோடாக நிற்கும். எந்தச் சாயத்தொட்டியிலும் முக்கி எடுக்க முடியாத நிறம் அது.

ஒவ்வொரு வருஷமும் மழைக்காலம் முடிகிற சமயம் ஆண் மயில் தோகையை உதிர்த்துவிடும். அதனால்தான் கொல்லாமலே பீலி கிடைக்கிறது. “பீலிபெய் சாகாடும் அச்சிறும்” என்று வள்ளுவர் சொன்னபோது, வண்டி நிறையப் பீலி ஏற்றிப் போவது கேட்பவர்களுக்குப் பழகிய காட்சியாக இருந்திருக்க வேண்டும். அகநானூற்றில் இறந்த வீரனின் பெயரையும் பெருமையையும் எழுதி, வழியோர நடுகல்லுக்குப் பீலி சூட்டுகிறார்கள். ஹரப்பாவின் பிற்காலத்து ஈமத் தாழிகளில் வரைந்த மயில்களின் வயிற்றுக்குள் சின்னதாக ஒரு மனித உருவம் படுத்திருக்கும். செத்தவரோடு மயில் ஏன் போனது என்று நான் ஊகிக்கப் போவதில்லை. எங்களுக்குப் பீலி என்றால் பாடப்புத்தகத்துக்குள் வைப்பது. பனைமரத் துருவலைப் போட்டு, வானத்துக்குக் காட்டாமல் மூடி வைத்தால் குட்டி போடும். தினமும் கொஞ்சமாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டே ஒரு கல்வியாண்டை ஓட்டியிருக்கிறோம்.

1963இல் மயில் தேசியப் பறவை ஆனது. 1972ஆம் வருஷத்து வனவுயிர்ச் சட்டம் அதற்கு உச்ச பாதுகாப்புக் கொடுத்தது. இன்று தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் மயில் காட்டை விட்டு வயலுக்கு வந்துவிட்டது. நிலக்கடலையைக் கிளறுகிறது, தக்காளியைக் கொத்துகிறது, நெல்லைச் சாய்க்கிறது. குள்ளநரி குறைந்ததும் ஒரு காரணம் என்கிறார்கள். நஷ்டப்படுகிற விவசாயிக்குத் தேசியப் பறவை என்று சொல்லி ஆறுதல் தர முடியாது. விரட்டுவதற்கு ஒரு ஆள் விடியலிலிருந்து காவல் இருக்கிறார்.

குறுந்தொகை 38இல் கபிலர் ஒரு காட்சி வைத்திருக்கிறார். காட்டு மயில் பாறையில் முட்டை இட்டிருக்கிறது. வெயில் காய்கிற முசுக்குரங்கின் குட்டி அது முட்டை என்று தெரியாமல் உருட்டி விளையாடுகிறது. பெண் மயில் மரத்தில் கூடு கட்டாது, தரையிலேதான் முட்டை இடும் என்பது தெரிந்தவர் எழுதியது. எங்கள் ஊர்ப் பக்கம் சோளம் அறுக்கும்போது அரிவாளை நிறுத்திவிட்டு, ஒரு பாய் விரிக்கிற அளவுக்குத் தட்டையை அப்படியே நிற்கவிட்டுப் போவார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் மண்நிறத்தில் நாலைந்து முட்டை கிடக்கும், கொஞ்சம் தள்ளி வரப்பில் பெண் மயில் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றிருக்கும்.